பிரகடனத்தால் முடியாததைத் திருத்தம் முடித்தது

அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழித்தது 1863 ஜனவரி 1 அன்று குடியரசுத் தலைவர் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் என்றே நம்மில் பலரும் படித்திருக்கிறோம். அதன் பெருமையைக் குறைப்பது என் நோக்கமல்ல. ஆயினும் நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழித்தது அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம்தான். பிரகடனமோ, உள்நாட்டுப் போரில் கிளர்ச்சி செய்த தென்மாநிலப் பகுதிகளுக்கு மட்டும் பொருந்திய போர்க்கால ஆணை. ஒன்றியத்தின் பக்கம் நின்ற கென்டக்கி, டெலவேர் போன்ற மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை. போர் முடிந்தபின் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று சொல்லிவிடுமோ என்ற அச்சம் லிங்கனுக்கே இருந்தது. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்று 1857இல் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் சொன்ன நீதிமன்றம் அல்லவா அது!

அடிமைமுறைக்கு அரணாக நின்றதே அரசியலமைப்புதான். தப்பியோடியவரை உடைமையாளரிடமே ஒப்படைக்க வேண்டும் என்றது. வாக்குரிமையற்ற அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்த்து, அவர்களை அடிமைப்படுத்திய மாநிலங்களுக்கே பிரதிநிதிகள் அவையில் கூடுதல் இடங்களைத் தந்தது. போருக்குச் சற்று முன், 1861 மார்ச்சில், மாநிலங்களின் அடிமைமுறையில் ஒன்றிய அரசு என்றுமே தலையிட முடியாதபடி செய்யும் திருத்தம் ஒன்றை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றியிருந்தன. மாநிலங்கள் போதிய அளவில் ஒப்புதல் தந்திருந்தால் அதுவே பதின்மூன்றாம் திருத்தமாகியிருக்கும்.

அந்த இடத்தில் நேர்மாறான ஒன்று வந்ததில், வாக்குரிமையே இல்லாத பெண்களின் உழைப்பு பெரிது. இதை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். பெண்ணுரிமைப் போராளிகளான எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் பி. ஆந்தனி ஆகியோரின் முயற்சியால், அடிமைமுறையை ஒழிக்கக் கோரித் திரண்ட ஒரு லட்சம் கையெழுத்துகளை 1864 பிப்ரவரியில் கறுப்பினத்தவர் இருவர் சுமந்து வந்து செனட்டர் சார்ல்ஸ் சம்னரின் மேசையில் வைத்தார்கள். ஏப்ரலில் செனட் அடிமைமுறை ஒழிப்புத் திருத்தத்தை ஏற்றது. ஜூனில் பிரதிநிதிகள் அவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் தோற்ற அதே திருத்தம், 1865 ஜனவரி 31 அன்று 119க்கு 56 என்ற வாக்குகளில் வென்றது. டிசம்பர் 6 அன்று ஜார்ஜியா 27ஆவது மாநிலமாக ஒப்புதல் அளித்து, தேவையான எண்ணிக்கை நிறைவடைந்தபோது லிங்கன் உயிரோடு இல்லை. கென்டக்கியிலும் டெலவேரிலும் அதுவரை அடிமைகளாகவே இருந்தவர்களுக்கு அந்தத் திருத்தத்தால்தான் விடுதலை கிடைத்தது.

இருந்தும், குற்றத்துக்கான தண்டனையாக ஒருவரைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தலாம் என்ற விலக்கைத் திருத்தம் விட்டுவைத்தது. வேலையின்றித் திரிவதையே குற்றமாக்கிய தென்மாநிலங்கள், தண்டிக்கப்பட்ட கறுப்பினத்தவரைச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. அலபாமாவில் இக்கொடுமை 1928 வரை நீடித்தது. கொலராடோ 2018இல் தன் மாநில அரசியலமைப்பிலிருந்து இத்தகைய விலக்கை நீக்கியது. கலிஃபோர்னிய வாக்காளர்களோ 2024இல் அவ்வாறு நீக்க மறுத்தார்கள். ஒன்றிய அரசியலமைப்பில் அது இன்றும் அப்படியே இருக்கிறது. அதை அகற்றக் குடியரசுத் தலைவரின் ஆணை போதாது. மீண்டும் ஒரு திருத்தம்தான் வேண்டும், அதற்கான கோரிக்கை முற்றிலும் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.