எந்த ஊர் என்று கேட்டால்

போன சனிக்கிழமை எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயில் மண்டபத்தில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஒரு தன்முனைப்பு முகாம். அக்கா மகனைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பத்தான் போனேன். நாற்காலி அடுக்க ஆள் இல்லை என்று பிடித்துக்கொண்டார்கள். அப்படியே கடைசி வரை உட்கார்ந்துவிட்டேன்.

பேச வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். தொண்டை கட்டும் அளவுக்குப் பேசினார். பிள்ளைகளை எழுப்பிக் கைதட்ட வைத்தார். கண்ணை மூடி அம்மா முகத்தை நினைக்கச் சொல்லி நாலைந்து பேரை அழவும் வைத்தார். அதெல்லாம் வழக்கமாக நடப்பதுதான். நடுவில், நம் தாத்தா பாட்டிமார் வேலை செய்த ரப்பர் தோட்டங்களைப் பற்றி ஒன்று சொன்னார்: "தோட்டத்து ஞாபகத்தைத் தூக்கி எறிஞ்சாத்தான் நீங்க மேல வர முடியும்!" அதற்கும் பிள்ளைகள் கைதட்டினார்கள். என் அக்கா மகனும்தான்.

அந்தக் கைதட்டல் மூன்று நாளாகக் காதில் இருக்கிறது. அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் சுங்கை சிப்புட்காரி. மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கும் ஊர். இதை வாய்விட்டுச் சொல்லவே எனக்கு இருபது வயதுக்கு மேல் ஆனது. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ முடிவுத் தேர்வு) முடித்து ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன புதிதில் யார் கேட்டாலும் "ஈப்போ" என்பேன். ஈப்போவில் எங்கே என்றால் "கொஞ்சம் தள்ளி" என்பேன். அந்தக் கொஞ்சம் முப்பது கிலோமீட்டர். அதற்கப்புறம் செம்மண் ரோடு, அதற்கப்புறம் லயத்து வீடு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.

முதல் படிவத்தில் ஓர் ஆசிரியர், உதவித்தொகை பாரம் கொடுப்பதற்காக, "எஸ்டேட் பிள்ளைங்க எழுந்து நில்லுங்க" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாரம்தான் கொடுத்தார். ஆனால் எழுந்து நின்ற ஆறு பேரின் வெள்ளைச் சப்பாத்திலும் ஓரமாக ஒரு செம்மண் கோடு இருந்ததை வகுப்பே குனிந்து பார்த்தது. அன்றிலிருந்து பள்ளிக்கு வந்ததும் சாக்பீஸ் துண்டை எடுத்து அந்தக் கோட்டின் மேல் தேய்ப்பேன். ஊர்ப் பெயரை மறைக்க நான் கற்றது அந்தச் சாக்பீஸில்தான்.

வரலாற்றுப் பாடத்தில் எங்கள் ஊர் ஒரு வரியில் வரும். 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கே தோட்டத்துத் துரைகள் (வெள்ளைக்கார மேலாளர்கள்) மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் வந்தது. அவ்வளவுதான். அந்தத் தோட்டங்களில் அன்று காலை ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் யார், அடுத்த நாள் வேலைக்குப் போனார்களா என்று யாரும் கேட்டதில்லை. மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, பால்வெட்டுக்காரர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாக (டாலர்) சேர்த்துத் தோட்டத்தை வாங்கலாம் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர். எங்கள் ஆயாவும் (பாட்டி) அதில் பணம் கட்டியவர். இதை எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை.

சரி, ஊர்ப் பெயரை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கற்றுத்தந்தது பாட்டு. அதற்கு வருகிறேன்.

2006இல் என் தம்பி ஒரு சிடி கொண்டுவந்தான். மலேசியத் தமிழ் ராப்பர் யோகி பியும் நட்சத்திரா குழுவும் சேர்ந்து செய்த 'வல்லவன்'. (பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில் வாங்கியது. ஒரிஜினல் இல்லை. இருபது வருடம் ஆகிவிட்டது, மன்னித்துவிடுங்கள்.) அதில் 'மடை திறந்து' வந்ததும் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு அது 1980இல் வந்த 'நிழல்கள்' பாட்டு, இளையராஜா. எங்களுக்கு அது வேறு. யோகி பி அதற்கு முன்பே பொயட்டிக் அம்மோ குழுவில் ஆங்கிலம், மலாய், கேண்டனீஸ், தமிழ் என்று கலந்து அடித்தவர்தான். ஆனால் ஒரு முழு ஆல்பம், நம் ஆட்கள், தமிழில் ராப். தமிழ்நாட்டுக்காரர் மாதிரி பேச முயலாத தமிழ். தம்பி ஒலியைக் கூட்டினான், அம்மா குறைக்கச் சொன்னார், நான் அந்த மூன்றரை நிமிடம் அசையவில்லை.

கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ராப்பில் வார்த்தை ஓடும் வேகத்துக்குப் பாதி புரியாது. அதனால் நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுத ஆரம்பித்தேன். எதில்? 555 புத்தகத்தில். நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே குட்டிப் புத்தகம். எங்கள் வீட்டில் அதைப் பார்த்தாலே அப்பா முகம் சுருங்கும், சம்பள நாள் ஞாபகம் வரும். நான் அதில் அரிசி, டின் மீன், மைலோ என்று எழுத வேண்டிய இடத்தில் பாட்டு வரிகளை எழுதினேன். பதினாறு வரி, வரிக்கு நான்கு தட்டு. ஒரு பாட்டுக்குச் சில நாள் ஒரு வாரம் ஆகும்.

எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆங்கில ராப்பில் ஓசை வரியின் கடைசியில் போய் ஒட்டும். தமிழில் எழுதினால் அது தலையிலும் வந்து உட்காருகிறது. தமிழ்ப்பள்ளியில் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்த 'அகர முதல', அடுத்த அடியில் 'பகவன்'. இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகை. பத்து வயதில் மதிப்பெண்ணுக்குப் படித்தது பஸ்ஸில் திரும்பி வந்தது. இலக்கணம் ஒரு தாளக்கட்டு என்று அன்று யாராவது மேசையில் தட்டிக் காட்டியிருந்தால் நான் வெண்பாவே எழுதியிருப்பேன். (இல்லை, எழுதியிருக்க மாட்டேன். ஆனால் பயந்திருக்கவும் மாட்டேன்.)

பாட்டுதான் புத்தகத்துக்கு இழுத்துப் போனது. அமெரிக்க ராப்பர்கள் மால்கம் எக்ஸ் பெயரை அடிக்கடி சொல்வதைக் கேட்டு, யார் இவர் என்று ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் அவருடைய சுயசரிதையை வாங்கினேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடியவர்; 1965இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வந்த புத்தகம். என் ஆங்கிலத்துக்கு அது அதிகம். பக்கத்துக்கு இருபது சொல்லாவது அகராதியில் தேட வேண்டும். அப்படித் திணறிக்கொண்டிருந்தபோதுதான் சிறைப் பகுதி வந்தது. நினைத்ததைக் கடிதத்தில் எழுத முடியவில்லை என்ற ஆற்றாமையில் மனிதர் ஓர் அகராதியை வாங்கி முதல் பக்கத்தை அப்படியே பார்த்து எழுதுகிறார், புள்ளி, கமா உட்பட. ஒரு நாள் முழுக்க ஆகிறது. பிறகு எழுதியதைத் தனக்கே சத்தமாகப் படித்துக்காட்டுகிறார். பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் 555 புத்தகத்தோடு நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

ராப் தோன்றிய கதையையும் அப்புறம்தான் படித்தேன். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். பள்ளி திறக்கப் போகிறது, புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்பல் என்ற பெண் கீழ்க் கூடத்தில் நுழைவுக் கட்டணம் வைத்து ஒரு கொண்டாட்டம் நடத்துகிறாள். பாட்டுப் போட அண்ணனைக் கூப்பிடுகிறாள். அண்ணன்தான் டிஜே கூல் ஹெர்க், ஜமாய்க்காவிலிருந்து குடியேறிய குடும்பம். ராப் அடங்கிய ஹிப் ஹாப் பிறந்த இடம் அதுதான் என்கிறார்கள். எல்லோரும் அண்ணன் பெயரைச் சொல்கிறார்கள். பள்ளிச் சட்டைக்குக் காசு தேடிய தங்கச்சி பெயரை நான் சொல்லிவைக்கிறேன். ஜனவரி வந்தால் சப்பாத்துக்கும் பைக்கும் கடன் வாங்கிய வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தக் கதை தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

அப்படித் தொடங்கியவர்கள் எங்கே போனாலும் முதலில் ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள். அதுவும் பெரிய நகரத்தின் பெயரை அல்ல, தெருவின் பெயரை, குடியிருப்பின் பெயரை. நியூயார்க் ராப்பர் நாஸ் 1994இல் தன் முதல் ஆல்பத்தில் குயின்ஸ்பிரிட்ஜ் அரசாங்கக் குடியிருப்பைப் பாடினார். தன் ஊர் பெயரைக் காம்ப்டன், காம்ப்டன் என்று விடாமல் சொன்ன ராப்பர் கென்ட்ரிக் லமாருக்கு 2018இல் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். நான் முப்பது கிலோமீட்டரை விழுங்கி "ஈப்போ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. முதல் தடவையாக, ஊரைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி.

எங்கள் ஊரை எழுதிய புத்தகம் இருக்கிறதா என்று அப்போதுதான் தேடினேன். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு எழுதியவர், சில இடங்களில் விருந்தாளியின் பார்வை தெரியும். ஆனால் ஒரு நாவலில் தோட்டத்து மனிதர்கள் வேலைக்குப் போகிறார்கள், காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள் என்பதே எனக்குப் புதிது. அடுத்தது ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. இரண்டாம் உலகப் போரில் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்காக ஜப்பான்காரன் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போன கதை. ஆயாவின் அண்ணன் "சயாமுக்குப் போனவர்" என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். ஏதோ வேலை தேடிப் போனவர் போலிருக்கிறது என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தை இரண்டாம் முறை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தன்னம்பிக்கைப் புத்தகங்களும் படித்தேன், படிக்காமல் இல்லை. சேமிப்பைப் பற்றி ஒன்றிரண்டு உருப்படியாக இருந்தன. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்கிறார்களே, அங்கே மட்டும் எனக்கு ஒத்துப்போவதில்லை. எங்கள் ஆயா நாற்பது வருடம் நாலு மணிக்கு எழுந்தவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும், அதனால் இருட்டோடு மரத்தடிக்குப் போய்விட வேண்டும். நெற்றியில் விளக்கு, தோளில் காண்டா கம்பு (சுமை தூக்கும் கம்பு), இரண்டு பக்கமும் வாளி. அவர் வாழ்க்கை மாறியது தோட்டம் கைமாறியபோதுதான், அதுவும் நல்லபடியாக இல்லை. ஆக, நாலு மணியைப் பற்றி எங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்.

ஆயாவிடம் கற்றது வேறு. பட்டையைச் சீவும்போது கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம். அந்த இடம் முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும், பட்டை திரும்ப வளர்ந்தாலும் ஒழுங்காக வெட்ட முடியாது. மேலாகச் சீவினால் பால் வராது. இரண்டுக்கும் நடுவில் கை நிற்க வேண்டும், அதுவும் இருட்டில், ஐந்நூறு மரத்துக்கு மேல். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நேர்முகம் வந்தபோது "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். சுங்கை சிப்புட், தோட்டம் என்று தொடங்கி இதைச் சொன்னேன். வேலை கிடைத்தது. அந்தத் தடவை இல்லை, அடுத்த தடவை.

ஹிப் ஹாப்பைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பெண்களைப் பற்றி வரும் பல வரிகளை நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். நம் பையன்கள் சிலர் போடும் பாட்டில் ஊர்ப் பெயர் வர வேண்டிய இடத்தில் குண்டர் கும்பலின் எண் வருகிறது. ஊருக்கு ஆட்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது. எண்ணுக்கு என்ன இருக்கிறது? கையில் பச்சை குத்திக்கொள்ளலாம், போலீஸ் ரோந்து வந்தால் சட்டையை இழுத்து மூடலாம். நான் சாக்பீஸ் தேய்த்த மாதிரி.

2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். தமிழ்நாட்டு ராப்பர் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளை வைத்து எழுதியது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று அம்மாவிடம் சொன்னேன். முழுதும் பார்த்தார். "தேயிலையா?" என்று மட்டும் கேட்டார். "பால் மரத்துக்கு யாரும் பாடலையா?" என்றார்.

அந்தக் கேள்வியை அக்கா மகனிடம் அப்போதே சொல்லியிருந்தேன். முகாமுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வாசலில் உட்கார்ந்து கைப்பேசியில் பீட் ஓடவிட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். தூக்கி எறியச் சொன்னதற்குக் கைதட்டிய பிள்ளை. என்னடா என்றால் காட்ட மாட்டேன் என்றான். அப்புறம் அவனாகவே பாட்டிக்குப் பாடிக் காட்டினான்: விடியுமுன்னே கையில் கிண்ணம், அவள் நெஞ்சில் ஆயிரம் எண்ணம்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"கிண்ணம் என்னடா கிண்ணம்? பாயசம் குடிக்கவா போனோம்? அது மங்கு."

"மங்குன்னு போட்டா எண்ணத்தோட சேராது பாட்டி."

"சேராட்டிப் போவுது. மரத்துல தொங்குனது மங்குதான்."

அவன் தலையை ஆட்டியபடி தொடையில் தட்டினான். தொங்கு, மங்கு. தொங்கு, மங்கு. மூன்றாவது வேண்டும், கிடைக்கவில்லை. எங்கு, இங்கு, சங்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"பங்குன்னு போடு," என்றார் அம்மா. "உன் பூட்டிக்குச் சங்கத்துல பங்கு இருந்துச்சு."

"என்ன சங்கம்? என்ன பங்கு?"

அம்மா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே தேடப் போனார். ஒரு பழைய பிஸ்கட் டின், அதற்குள் ஆயாவின் பங்குப் புத்தகம். வீடு மாறும்போது எங்கே வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. மூன்று நாளாகத் தேடுகிறார். என் அறையில் இருந்த இரண்டு பெட்டிகளையும் கொட்டியாகிவிட்டது. பையன் பள்ளியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக, "கிடைச்சிருச்சா பாட்டி?" என்கிறான்.