பாதாம் வாங்க முடியாதவர்களும் பச்சையாகச் சாப்பிடலாம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை எங்கள் வீட்டில் நான்கு பேரும் அடுப்பு பற்றவைக்காமல் சாப்பிட்டோம். முளைகட்டிய பாசிப்பயறு, அரைமூடித் தேங்காய்த் துருவல், ஒரு வெள்ளரிக்காய், இரண்டு கேரட், அரை எலுமிச்சம்பழம், கொஞ்சம் கொத்தமல்லி, ஆளுக்கொரு நாட்டு வாழைப்பழம். நோட்டில் எழுதிய தொகை 78 ரூபாய். வீட்டில் இட்லி அவித்திருந்தால் இதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும். அதை நான் மறைக்கப் போவதில்லை. சமைக்காத இயற்கை உணவு என்றால் செலவே இல்லை என்று சொல்கிறவர்கள் ரேஷன் அரிசியை நம்பிக் குடும்பம் நடத்தியவர்களாக இருக்க முடியாது.

நான் மதுரையில் ஒரு துணிக்கடையில் பில்லிங்கில் இருக்கிறேன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். போன வருடம் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். சோற்றைக் குறை, காயைக் கூட்டு, நட என்றார். எங்கள் அம்மா சர்க்கரையில் ஒரு காலை இழந்தவர். அதனால் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் வாட்ஸ்ஆப்பில் நடந்த ஒரு வகுப்பில் சேர்ந்தேன். 21 நாள், முழுக்கச் சமைக்காத உணவு, கட்டணம் 2,500 ரூபாய். பெயர் சொல்ல விரும்பவில்லை. இது போல இன்று நிறைய நடக்கிறது.

சேர்ந்த அன்றே ஒரு பட்டியல் வந்தது. பாதாம், வால்நட், முந்திரி, சியா விதை, பட்டர் ஃப்ரூட், டிராகன் பழம், பேரீச்சை, ஆலிவ் எண்ணெய். நான் மளிகைக் கடையில் விலை கேட்டுவிட்டு பேசாமல் திரும்பி வந்தேன். பாதாம் கால் கிலோவுக்குக் கொடுக்கும் காசில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறி வந்துவிடும். இந்தப் பட்டியலை யார் யாருக்காக எழுதினார்கள் என்ற கேள்வி அன்றைக்கே எனக்குள் விழுந்தது.

நம் ஊருக்குச் சமைக்காமல் சாப்பிடுவது ஒன்றும் புதிது இல்லையே. ராமநவமிக்கு பாசிப்பருப்பை ஊறவைத்து வெள்ளரியும் மாங்காயும் தேங்காயும் கலந்து கொடுக்கும் வடைப்பருப்பு என்ன? மாரியம்மன் கோயிலில் பச்சரிசியை இடித்து வெல்லம் கலந்து பிடிக்கும் மாவிளக்கு என்ன? காப்பரிசி என்ன? இவற்றில் எதற்கும் அடுப்பு கிடையாது. எங்கள் ஆச்சி காட்டு வேலைக்குப் போனால் பிடுங்கின நிலக்கடலையை மண்ணைத் தட்டிவிட்டுப் பச்சையாகவே தின்பார். நுங்கு, கொடுக்காப்புளி, இலந்தை, நாவல், கொய்யா, கையில் ஒரு தேங்காய்ச்சில். அதையெல்லாம் யாரும் டயட் என்று சொல்லவில்லை. தென்காசிப் பக்கம் சிவசைலத்தில் இராமகிருஷ்ணன் என்பவர் ஆசிரமம் நடத்தி தேங்காயையும் பழத்தையும் உணவாக முன்வைத்தது பல பத்தாண்டுகளுக்கு முன்னால். அவர்கள் கையில் எடுத்ததும் இந்த மண்ணில் விளைகிறதைத்தான். வால்நட் எப்போது உள்ளே வந்தது?

சரி, பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு தேங்காய், கடலை, வாழைப்பழம் என்று முழுக்கப் பச்சையாகவே இருந்து பார்ப்போம் என்று இறங்கினேன். முதல் வாரம் உடம்பு லேசாக இருந்தது. வயிறு சுத்தமாகப் போனது. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அந்த மதியத் தூக்கம் இல்லை. இதெல்லாம் உண்மை. இரண்டாவது வாரம் கை நடுங்க ஆரம்பித்தது. 16ஆம் நாள் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மாதம் தீட்டும் தள்ளிப்போனது. வகுப்பில் கேட்டால், உடம்பில் தேங்கிய கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள், இன்னும் ஒரு வாரம் என்றார்கள்.

எனக்கு வெளியேறியது கழிவு இல்லை, தெம்பு. போதுமான அளவு சாப்பிடவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்து கணக்குப் போட்டபோது புரிந்தது. ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய 3,500 கலோரி இருக்கிறது. ஒரு கிலோ வெள்ளரிக்காயில் 150தான். வெள்ளரி, தக்காளி, கேரட், கீரை என்று எவ்வளவு தின்றாலும் வயிறு நிரம்பும், நாள் முழுக்க நிற்கிற ஒரு பெண்ணின் உடம்புக்கு அது காணாது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சமைக்காமல் வேண்டுமென்றால், ஒரு ஆளுக்கு ஒரு முழுத் தேங்காய், 100 கிராம் கடலை, ஏழு வாழைப்பழம். நான் வாங்குகிற விலையில் 84 ரூபாய். நான்கு பேருக்கு மாதம் பத்தாயிரம் தாண்டும். இதில் காயும் கீரையும் சேரவில்லை. நம் மாநிலத்தில் 2011இலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். அதை ஒதுக்கி வைத்துவிட்டு பத்தாயிரம் ரூபாய்க்குத் தேங்காயும் பழமும் வாங்கு என்று என் வருமானத்தில் இருக்கிற ஒரு குடும்பத்திடம் சொல்வது அநியாயம். சிலிண்டர் மிச்சம் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும். அதில் என்ன பெரிதாக மிச்சப்பட்டுவிடும்?

முழுக்கச் சமைக்காத உணவில் இருப்பதைக் காந்தியும் இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறார். 1893இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவில் இருந்தபோது ஒரு முறை. அது இரண்டு வாரம்கூட ஓடவில்லை. 1929இல் மறுபடியும் தொடங்கினார், உடம்புக்கு முடியாமல் நிறுத்தினார். எனக்குப் பிடித்தது அவர் தொடங்கியது இல்லை. சோதனையையும் அது பலிக்காததையும் அவரே தன் பத்திரிகையில் எழுதினார் பாருங்கள், அதுதான். இன்றைக்கு வகுப்பு நடத்துகிறவர்களில் எத்தனை பேர் யாருக்கு ஒத்துவரவில்லை என்பதை எழுதுகிறார்கள்? ஜெர்மனியில் நெடுநாள் சமைக்காத உணவிலேயே இருந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 1999இல் வெளியிட்டார்கள். 45 வயதுக்குக் கீழே இருந்த பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தடுமாறியோ நின்றோ போயிருந்தது. அதைப் படித்த பிறகுதான் எனக்கு நடந்தது எனக்கு மட்டும் நடந்தது இல்லை என்று தெரிந்தது. வகுப்பில் இதை ஒருவராவது சொல்லியிருக்க வேண்டாமா?

அப்படியானால் விட்டுவிட்டாயா என்றால், இல்லை. ஒரு வேளை. காலை மட்டும். மதியம் சோறு, குழம்பு, பொரியல். ராத்திரி எப்போதும் போல. இப்படி எட்டு மாதம் ஆகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு நான் சொல்வதும் இந்த ஒரு வேளையைத்தான். முழுக்கப் போகாதீர்கள்.

பயறு கட்டுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் நான் மூன்று முறை வீணாக்கிய பிறகுதான் பிடிபட்டது. நான்கு பேருக்கு 150 கிராம் போதும், முளைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் வரும். காலை வேலைக்குப் போகும்போது ஊறப்போடுகிறேன். சாயங்காலம் வந்ததும் தண்ணீரை முழுக்க வடித்து, இரண்டு தடவை அலசி, பழைய வேட்டித் துணியில் தளர்வாகக் கட்டி, அடியில் ஓட்டை உள்ள இட்லித் தட்டில் வைக்கிறேன். இறுக்கிக் கட்டினால் நடுவில் இருக்கிற பயறு வெந்தது மாதிரி குழைந்துவிடும். மதுரை வெயிலுக்கு மறுநாள் விடிவதற்குள் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். துணியை அவிழ்த்ததும் முகர்ந்து பாருங்கள். பச்சைப் பட்டாணி வாசனை வரவேண்டும். புளித்த வாடையோ கொழகொழப்போ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். 20 ரூபாய் போகிறதே என்று பார்த்தால் வயிற்றுப்போக்கில் 500 ரூபாய் போகும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் முளைப்பயறைப் பச்சையாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள். முளைக்க வைக்கிற அதே ஈரமும் சூடும்தான் கிருமிக்கும் பிடித்தமானது.

நிலக்கடலையை ராத்திரி ஊறவைத்தால் காலையில் பாதாம் மாதிரியே மெதுவாகக் கடிபடும். 100 கிராமில் 25 கிராம் புரதம், இது பாதாமை விடக் குறைந்தது இல்லை. விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது மட்டும் ஒன்றுகூட உள்ளே போகாமல் பொறுக்கிவிட வேண்டும். அந்தப் பூஞ்சை ஈரலுக்கு விஷம். கொய்யாவில் வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு. கிலோ 60 ரூபாய்க்கு வருகிற காலத்தில் வேறு பழத்தைத் தேட வேண்டியதே இல்லை.

காய்கறிக்கு நான் போவது அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை, 1999 நவம்பரில் திறந்தது. விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், பேரம் பேசி ஏமாறும் பயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கட்டுகிற நேரமாகப் பார்த்துப் போவேன். மிச்சத்தை ஊருக்குத் திருப்பித் தூக்கிப் போக யாருக்கும் மனசு வராது. அப்படித்தான் போன வாரம் ஒரு அம்மா, "எல்லாத்தையும் அள்ளிக்கோ தாயி, இருபது ரூவா குடு" என்று ஒன்றரைக் கிலோ வெள்ளரியைப் பையில் கொட்டினார். ஒரு கட்டுக் கொத்தமல்லியும் சும்மா வைத்தார்.

எதைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மரவள்ளிக்கிழங்கில் சயனைடு உண்டு, ராஜ்மாவைப் பச்சையாகச் சாப்பிட்டால் வாந்தியும் பேதியும் நிச்சயம், உருளையும் சேனையும் வெந்துதான் ஆக வேண்டும். முட்டைகோஸ், காலிஃபிளவர் இரண்டையும் நான் வேகவைக்காமல் தொடுவதில்லை. அழுக்குத் தண்ணீர் பாய்ந்த காயில் நாடாப்புழு முட்டை ஒட்டியிருக்கலாம், அது உள்ளே போனால் மூளைவரைக்கும் போகும். எல்லாக் காயையும் ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். பச்சையாகத் தின்றால்தான் எல்லாச் சத்தும் என்பதும் சரியில்லை. கேரட்டில் உள்ள சத்து வெந்த பிறகுதான் உடம்பில் நன்றாகச் சேருகிறது. பச்சையாகத் தின்றால் கூடவே தேங்காய் மாதிரி கொழுப்பு ஏதாவது வேண்டும். நம் பாட்டிகள் கேரட்டோடு தேங்காய்த் துருவலைச் சேர்த்தது வீண் போகவில்லை. இன்னொன்று, வைட்டமின் பி12 செடியில் கிடையாது. பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்கிறவர்கள் அதை மாத்திரையாகத்தான் எடுத்தாக வேண்டும்.

கடைசியாக, என் மனசை அறுக்கிற விஷயம். எங்கள் தெருவில் ஒரு அக்கா பத்து வருடமாக இன்சுலின் போடுகிறவர். இதே போல ஒரு முகாமில் ஊசி உடம்பைக் கெடுக்கும், பழம் சாப்பிட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். நம்பி நிறுத்திவிட்டார். நான்காவது நாள் மூச்சு வாங்கி நினைவு தப்பியது. என் கணவர்தான் லோடு ஆட்டோவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்தது பெரும் பாக்கியம். மாத்திரையும் ஊசியும் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். மருந்தை மாற்றாமல் திடீரென்று சோற்றை மட்டும் நிறுத்தினாலும் சர்க்கரை தடாலென்று இறங்கும், அதுவும் ஆபத்துதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வாழைப்பழமும் இளநீரும் பச்சைக் காயும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே நிறுத்திவிடக் கூடும். அவர்களுக்குக் காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொடுக்கச் சொல்வது அதனால்தான். ஏழைகளுக்கு டாக்டரிடம் போகக் காசில்லை என்பது உண்மை. அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் இலவசமாகக் கிடைப்பதும் உண்மை. இதை மறைத்து 2,500 ரூபாய் வாங்குகிறவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

என் சர்க்கரை இப்போது எல்லைக்கு உள்ளே இறங்கியிருக்கிறது. பச்சைக் காய் மட்டும் இறக்கியது என்று சொல்ல மாட்டேன். சோற்றைப் பாதியாக்கினேன், பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறேன், டீக்குச் சர்க்கரை போடுவதில்லை. பிள்ளைகள் வெள்ளரியைக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள், அது எனக்குத் தனிச் சந்தோஷம்.

அந்த அக்கா இப்போது ஊசி போட்டுக்கொள்கிறார். டாக்டரிடம் கேட்டுவந்த பிறகு, காலையில் எங்கள் வீட்டுப் பயறில் ஒரு கிண்ணம் வாங்கிக்கொள்கிறார். வாழைப்பழம் மட்டும் அவருக்குப் பாதிதான். மீதிப் பாதியை என் சின்னவன் தட்டில் வைத்துவிட்டுப் போவார்.