முதலில் தண்ணீர் வந்ததா என்று பாருங்கள்

நேற்று மதியம் டிபார்ட்மென்டில் சாப்பிடும்போது, ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் பதவி விலகிய பழைய கதை பேச்சில் வந்தது. "ஒரு கருத்தைச் சொன்னதுக்கு வீட்டுக்கு அனுப்புவாங்களா? அப்புறம் பல்கலைக்கழகம்னு எதுக்கு இருக்கு?" என்றார் கூட வேலை பார்க்கும் நண்பர். பெல் அடித்துவிட்டது, வகுப்புக்குப் போய்விட்டேன். மனசு மட்டும் ஆறவில்லை.

2005 ஜனவரி 14. அறிவியல், பொறியியல் துறைகளின் உயர் பதவிகளில் பெண்கள் ஏன் குறைவு என்று பேச ஒரு கருத்தரங்கு. சம்மர்ஸ் மூன்று காரணங்களை வைத்தார். நேரம் காலம் பார்க்காமல் உழைக்கக் கேட்கும் வேலைகளுக்கு ஆண்கள் அளவுக்குப் பெண்கள் வருவதில்லை என்பது முதலாவது. மிக உச்சமான திறன் உள்ளவர்களில் ஆண்கள் அதிகம் இருக்கலாம் என்பது இரண்டாவது. வளர்ப்பும் பாகுபாடும் மூன்றாவது. முக்கியத்துவமும் அதே வரிசையில்தான் என்றார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் பாதியிலேயே எழுந்து வெளியேறினார்.

சராசரிப் பெண்ணுக்கு மூளை குறைவு என்று சம்மர்ஸ் சொல்லவில்லை. தான் நினைப்பது தவறென்று நிரூபணமானால் மகிழ்ச்சி என்றும் சொன்னார், பிறகு மன்னிப்பும் கேட்டார். இதையெல்லாம் மறைக்கக் கூடாது. என்னைச் சுடுவது அந்த வரிசை.

நான் கடைமடைக்காரி. திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தாலும், கல்லணை தாண்டி, ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் எட்டிப்பார்க்கப் பல நாள் ஆகும். சில வருஷம் வரவே வராது. பயிர் கருகி நிற்கும்போது எங்கள் ஊரில் யாரும் முதலில் மண்ணைக் குறை சொல்வதில்லை. தலைப்பில் முறை வைத்து விட்டார்களா, மதகு ஷட்டர் தூக்கியிருக்கிறதா, வாய்க்கால் தூர்வாரினார்களா, ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா என்றுதான் வரப்போடு நடந்து பார்ப்பார்கள். அதையெல்லாம் பார்த்து முடித்த பிறகும் விளையவில்லை என்றால்தான் மண் பரிசோதனைக்குப் போவார்கள். சம்மர்ஸ் திறன் என்கிற மண்ணை முன்னால் வைத்துவிட்டு, வளர்ப்பு, பாகுபாடு என்கிற தண்ணீரைக் கடைசியில் வைத்தார்.

அதுவும் யார்? ஷட்டர் சாவி கையில் இருப்பவர். ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியர் நியமனத்தில் கடைசி வார்த்தை தலைவருடையது. அந்தப் பேச்சுக்கு முந்தைய கல்வியாண்டில் அங்கே கலை அறிவியல் புலத்தில் நிரந்தரப் பதவிக்கு 32 பேர் அழைக்கப்பட்டார்கள். அதில் பெண்கள் 4 பேர். தன் மேஜையில் கிடக்கும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒருவர் பிறவித் திறனைப் பற்றி யோசிக்கப் போகலாமா?

பதவியில் இருப்பவர் சொல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பத்தாவது முடித்து பிளஸ் ஒன் சேர்க்கைக்கு அப்பாவோடு போயிருந்தேன். கணக்கில் 97. தலைமையாசிரியர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு மேல போகப் போகக் கணக்கு ஏறாது, வேற குரூப்ல போட்டுக்குங்க" என்றார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நாற்றங்கால் வேலையைப் பாதியில் விட்டு வந்த அப்பா, தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அய்யா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். டீக்கடையில் இதையே யாராவது சொல்லியிருந்தால் அப்பா சண்டைக்குப் போயிருப்பார். நாற்காலி சொன்னதால் தலையாட்டினார்.

நாலாம் நாள் எங்கள் கணக்கு டீச்சர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். மறுநாள் குரூப் மாறியது. இன்று நான் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். என்னோடு படித்து, எந்த டீச்சரும் வீட்டுக்கு வராத பெண்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சம்மர்ஸ் அந்த ஒரு பேச்சுக்காக மட்டும் போகவில்லை. பேராசிரியர்களோடு அவருக்கு ஏற்கனவே பல உரசல்கள். 2005 மார்ச்சில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 218க்கு 185 என்று நிறைவேறியது. அடுத்த ஆண்டு இன்னொரு வாக்கெடுப்பு நெருங்கும்போது, பிப்ரவரி 21 அன்று, விலகுவதாக அறிவித்தார். பின்னாளில் அதே ஹார்வர்டுக்குப் பேராசிரியராகத் திரும்பியும் வந்தார். அவர் வாயை யாரும் அடைக்கவில்லை. பேராசிரியராக எந்தக் கேள்வியையும் எழுப்பட்டும், தரவோடு மோதிக்கொள்ளலாம். சாவியைத்தான் கீழே வைக்கச் சொன்னார்கள். அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

அவர் விலகியதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு ஹார்வர்டு இரண்டு குழுக்கள் அமைத்து, பெண்களுக்கான வழியைச் சரிசெய்யப் பத்து ஆண்டுகளில் 5 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. அதாவது, வாய்க்காலைத் தூர்வார இறங்கினார்கள். அந்தக் குழுக்களுக்குப் பொறுப்பாக இருந்த டுரூ ஃபாஸ்ட்தான் 2007இல் தலைவரானார். 1636இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் முதல் பெண் தலைவர்.

நம் பக்கம் இந்த வருஷமும் பிளஸ் ஒன் சேர்க்கை வரும். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வேதாரண்யம் பக்கத்தில் எந்தப் பெண்ணிடமாவது "உனக்குக் கணக்கு வேண்டாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்பாக்ஸில் ஒரு வரி போடுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வீட்டில்தான். பஸ் பிடித்து வந்து அவள் அப்பாவிடம் பேசுகிறேன்.