'கெட்' என்றால் 'பெறு' மட்டும்தானா?
'கெட்' வரும் இடத்தில் எல்லாம் 'ரிசீவ்' போட்டால் ஆங்கிலம் தரமாகிவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. கடிதம், சம்பளத்துக்கு அது பொருந்தும். 'கெட் டயர்ட்' என்பதில் 'கெட்' என்றால் 'ஆகு', அங்கே 'பிகம்'தான் வரும். 'கெட் டு மெஜஸ்டிக்' என்றால் பெங்களூரின் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சேர்வது, அதற்கு 'ரீச்'. ஆனால் 'ரீச்' போட்டதும் 'டு'வை எடுத்துவிட வேண்டும். 'ரீச் டு மெஜஸ்டிக்' என்பது இங்கே அன்றாடம் காதில் விழும் பிழை. ஒருவரைச் செய்ய வைப்பதற்கு 'கெட் ஹிம் டு சைன்' என 'டு' கட்டாயம், 'மேக் ஹிம் சைன்' என்றால் 'டு' கூடாது. பொருளும் ஒன்றல்ல: முன்னதில் பேசி இணங்க வைக்கிறோம், பின்னதில் பெரும்பாலும் கட்டாயம் இருக்கிறது. கட்டுரையின் கீழே ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு 'கெட் டவுன்' சரியா என்று கேட்டிருக்கிறார். தமிழில் 'இறங்கு', கன்னடத்தில் 'இளி' என எல்லா வண்டிக்கும் ஒரே சொல் இருப்பதால் நமக்கு அது பழகிவிட்டது, பெங்களூரில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவருக்கு எழுதும்போது பஸ், மெட்ரோ, ரயிலுக்கு 'கெட் ஆஃப்'. ஆட்டோ, காருக்கு 'கெட் அவுட் ஆஃப்'. உள்ளே எழுந்து நடக்க இடமிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பைக்குக்கும் 'ஆஃப்'தான், அதன் மேல் உட்காருவதால்.