சிலைக்கு மாலை போடும் முன் குத்தகைப் பத்திரத்தைப் படியுங்கள்

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் ரெட் விங்ஸ் பேஸ்பால் அணியின் முகவரி: 1, மாரி சில்வர் வே. ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் ரெட் சாக்ஸ் அணியின் முகவரி: 1, பென் மாண்டோர் வே. மைனர் லீக் அணியை, அதாவது மேஜர் லீக்குக்கு ஆள் தயார்செய்யும் கீழ்மட்ட அணியைக் கைதூக்கிவிட்ட ஆளின் பெயரைத் தெருவுக்கு வைத்து இரண்டு ஊருமே நன்றி சொல்லின. முதல் முகவரியில் இன்றும் ஆட்டம் நடக்கிறது. இரண்டாவதில் அணியும் இல்லை, மைதானமும் இல்லை.

இரண்டு பேரில் யார் நல்லவர் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டு பேருமே தங்கமானவர்கள்தான். பாட்டக்கெட்டில் நன்றியைக் கல்லிலும் பலகையிலும் எழுதினார்கள், பத்திரத்தில் எழுதவில்லை. என் குறை அதுதான்.

ஐ.பி.எல். பார்த்துப் பழகிய நமக்கு அணி உரிமையாளர் என்றால் ஏலத்தில் கை தூக்கி வீரரை எடுப்பவர். மைனர் லீக் உரிமையாளருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வீரருக்கும் மேனேஜருக்கும் (தலைமைப் பயிற்சியாளர்) சம்பளம் தருவது மேலே இருக்கும் மேஜர் லீக் அணி. யார் ஆடுவது, பந்துவீச்சாளர் எத்தனை பந்தோடு நிறுத்துவது என்பதெல்லாம் அங்கிருந்துதான் வரும். பையன் நன்றாக அடிக்க ஆரம்பித்த வாரத்திலேயே அவனை மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் உரிமையாளர் கையில் இல்லை. டிக்கெட், தீனிக்கடை, விளம்பரப் பலகை, புல்தரை, கழிப்பறை, பஸ் செலவு ஆகியவைதான் அவர் பாடு. சொந்த ஊரில் வருஷத்துக்குச் சுமார் 70 ஆட்டம். ஏப்ரல் குளிரில் நாற்காலி காலியாகக் கிடக்கும், பள்ளி விடுமுறை மாதங்களில்தான் வருஷச் செலவை எடுத்தாக வேண்டும். இன்று விற்காத நாற்காலியை நாளைக்கு விற்க முடியாது. மீன் வியாபாரம் மாதிரிதான்.

மாண்டோர் கனடாவின் கியூபெக்கில் பிறந்து, ரோட் ஐலண்டில் நெசவாலைத் தொழிலில் சம்பாதித்து ஓய்வு பெற்றிருந்தவர். பாட்டக்கெட்டும் நெசவு ஊர்தான். தண்ணீர் விசையில் பஞ்சு நூற்ற ஸ்லேட்டர் மில் 1793-லிருந்து அங்கே நிற்கிறது. 1977 ஆரம்பத்தில் திவாலாகிக் கிடந்த அணியை அவர் வாங்கினார். அந்த வருஷம் லீக்கில் முதலிடம் பிடித்தும், சீசன் முழுவதும் சேர்த்து வந்தவர்கள் 70,354 பேர்தான். அதாவது ஆட்டத்துக்கு ஏறக்குறைய 1,000 பேர். முதலிடம் வந்தால் கூட்டம் தானாக வரும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

28 வருஷம் கழித்து, 2005-ல், 688,421 பேர். 10,000 பேர் உட்காரும் இடத்தில் சராசரியாக 9,500-க்கு மேல். இதற்கு மந்திரம் எதுவும் இல்லை. டிக்கெட் விலையைக் கட்டுக்குள் வைத்தார். வண்டி நிறுத்தக் காசு வாங்கவில்லை. மைதானத்தைத் துடைத்து வைத்தார், குழந்தைகளோடு பயமில்லாமல் வரலாம் என்ற பெயரை வாங்கினார். 1977-ல் நிர்வாகத்துக்கு அழைத்துவந்த மைக் டம்புரோவைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொண்டார். நிறுத்தக் காசை விட்டுக்கொடுப்பது நஷ்டம் மாதிரி தெரியும். ஆனால் ஒரு காரில் நாலு பேர் வந்து ஆளுக்கொரு ஹாட் டாக் வாங்கினால் அந்தக் காசு வேறு வழியாகப் பெட்டிக்கு வந்துவிடும்.

பாட்டக்கெட் அணி ஆடிய மெக்காய் மைதானத்தின் ஒரு குறையைக்கூட அவர்கள் விழாவாக்கினார்கள். 1942-ல் கட்டிய அந்த மைதானத்தில் டக்அவுட், அதாவது வீரர்கள் உட்காரும் இடம், பார்வையாளர் வரிசைக்கு அடியில் சுவருக்குள் புதைந்திருக்கும். மேலே இருப்பவர் கை நீட்டினால் வீரருக்கு எட்டாது. அதனால் பிள்ளைகள் கையெழுத்துக்குத் தூண்டில் போட்டார்கள். காலி பால் கேனில் கைப்பிடி உள்ள பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் ஒரு பந்து நுழையுமளவு ஜன்னல் வெட்ட வேண்டும். உள்ளே பந்தும் பேனாவும். கைப்பிடியில் நல்ல கயிறு கட்டி டக்அவுட் வாசலில் இறக்கினால், வீரர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி வைப்பார். ஜன்னலைக் கீழ்வரைக்கும் வெட்டிவிட்டால் இழுக்கும்போது பந்து உருண்டு விழும். பந்துக்கு மார்க்கர் ஆகாது, மை தோலில் படர்ந்து எழுத்து மங்கிவிடும். நீல பால்பாயிண்ட்தான் நிற்கும். ஆட்டம் தொடங்கும் முன்பே இறக்க வேண்டும், நடுவில் இறக்கினால் திட்டுதான் கிடைக்கும். வேறொரு உரிமையாளராக இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லி வலை கட்டியிருப்பார்.

இந்த இரண்டு ஊரும் ஒரே ஆட்டத்தில் மாட்டிக்கொண்ட கதை பேஸ்பால் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தின இரவு, பாட்டக்கெட்டும் ராச்செஸ்டரும் மெக்காயில் மோதின. வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ். சமநிலை என்றால் ஒருவர் ஜெயிக்கும்வரை ஆடிக்கொண்டே போக வேண்டும். இத்தனை மணிக்கு மேல் புது இன்னிங்ஸ் கூடாது என்ற விதி அந்த வருஷ நடுவர் கையேட்டில் விடுபட்டிருந்தது. குளிரில் உடைந்த மட்டைகளை எரித்துக் கை காய்ந்தார்கள். லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, காலை 4:07-க்கு, 32 இன்னிங்ஸ் முடிந்து நிறுத்தியபோது மைதானத்தில் மிச்சம் 19 பேர். அந்த 19 பேருக்கும் சீசன் பாஸ் கொடுக்கப்பட்டது. ஜூன் 23-ல் தொடர்ந்தார்கள். 18 நிமிஷத்தில் 33-வது இன்னிங்ஸில் பாட்டக்கெட் 3-2 என ஜெயித்தது. பாட்டக்கெட் பக்கம் வேட் பாக்ஸ், ராச்செஸ்டர் பக்கம் கால் ரிப்கன் ஜூனியர். இரண்டு பேருமே பின்னாளில் பேஸ்பால் ஜாம்பவான்களின் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேம் போனார்கள்.

எதிரணியான ராச்செஸ்டரின் கதை 1957-ல் திரும்பியது. அணியும் மைதானமும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற மேஜர் லீக் அணியின் கையில் இருந்தன. அவர்கள் விட்டுவிட்டுப் போக முடிவு செய்ததும், உள்ளூர் வியாபாரி மாரி சில்வர் ஊர்க்காரர்களுக்குப் பங்கு விற்க இறங்கினார். 8,222 பேர் வாங்கினார்கள். ராச்செஸ்டர் கம்யூனிட்டி பேஸ்பால் என்ற கம்பெனி பிறந்தது. சில்வர் 1974-ல் இறந்தார். கம்பெனி சாகவில்லை. அதை இப்போது நடத்துவது அவர் மகள் நவோமி சில்வர்.

மாண்டோர் 2010-ல் இறந்தார். அணி அவருடைய சொத்து, ஆகவே குடும்பத்துக்குப் போனது. 2015-ல் அவர்கள் விற்றார்கள், அது அவர்கள் உரிமை. புது உரிமையாளர்கள் முதலில் மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸின் ஆற்றங்கரையைக் கேட்டார்கள், நடக்கவில்லை. பிறகு பாட்டக்கெட்டிலேயே புது மைதானம் பேசினார்கள், அரசுப் பணத்தில் இழுபறி. 2018 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் வூஸ்டருக்குப் போவதாக அறிவித்தார்கள். 2020 சீசன் கொரோனாவில் போனதால் விடைகொடுக்கும் வருஷமும் இல்லாமல் போயிற்று. மெக்காய் 2025-ல் இடிபட்டது, அந்த இடம் உயர்நிலைப் பள்ளிக்கு.

ஊர்ப் பங்கு என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஈவுத்தொகை எதிர்பார்த்து யாரும் இதை வாங்க முடியாது. வாங்கியவர் இறந்ததும் பங்குச் சீட்டு அலமாரியில் கிடக்கும், பேரனுக்கு அது என்னவென்றே தெரியாது, பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேராது. சத்தமில்லாமல் பங்கைச் சேர்ப்பவர் கை ஓங்கும். ராச்செஸ்டருக்குப் பக்கத்து சிராக்யூஸிலும் ஊர்ப் பங்குக் கம்பெனிதான் அணியை வைத்திருந்தது. 2017-ல் மேஜர் லீக் அணியான நியூயார்க் மெட்ஸுக்கு விற்கவே ஒப்புக்கொண்டது. அணி ஊரிலேயே நின்றது. ஆனால் அது வாங்கியவருக்கு அந்த ஊர் தேவைப்பட்டதால்.

ஆகவே மாண்டோர் மாதிரி ஒருவர் கிடைத்தால், அவர் உயிரோடு, நல்ல மனநிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். மைதானம் நகராட்சியுடையது என்றால் பேரம் பேசும் இடம் குத்தகைதான். அணியை விற்பதென்றால் முதலில் ஊருக்குச் சொல்ல வேண்டும், வெளியாள் தரும் அதே விலைக்கு வாங்க ஊருக்குக் குறிப்பிட்ட நாள் அவகாசம் வேண்டும். குத்தகைக் காலத்துக்குள் இடம் மாறினால் இழப்பீடு இவ்வளவு என்று தொகையையே எழுத வேண்டும். ‘நியாயமான இழப்பீடு’ என்று எழுதினால் வக்கீலுக்குத்தான் லாபம். டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று எடுத்து மைதானப் பராமரிப்புக்குத் தனிக் கணக்கில் போட வேண்டும், ஏனென்றால் அணிகள் ஊரை விட்டுப் போகும்போது பெரும்பாலும் சொல்லும் காரணம் மைதானம் பழசு என்பதுதான். இந்த நிபந்தனைகள் வாரிசையும் புதிதாக வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் என்ற வரி கட்டாயம். அது இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் காகிதம். 2021-லிருந்து 120 மைனர் லீக் அணிகளுக்கும் உரிமம் தருவது மேஜர் லீக்தான், மைதானத் தர நிபந்தனையும் அவர்களுடையதுதான். ஊருக்குப் பேரம் பேசும் பலம் இன்னும் குறைந்திருக்கிறது.

பெயர் சூட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ராச்செஸ்டரில் 1968-ல் பழைய மைதானத்துக்கு சில்வர் ஸ்டேடியம் என்று பெயர் வைத்தார்கள். 1997-ல் அணி புது மைதானத்துக்கு மாறியபோது பெயர் ஃபிரான்டியர் கம்பெனிக்குப் போயிருந்தது, 2022-ல் இன்னோவேட்டிவ் ஃபீல்ட் ஆயிற்று. மைதானப் பெயர் விற்பனைச் சரக்கு, யார் காசு கொடுத்தாலும் மாறும். தெருப் பெயரையும், ஒருவரின் மரியாதைக்காக இனி யாருக்கும் தராமல் ஓய்வு கொடுத்த சட்டை எண்ணையும் யாரும் விலைக்குக் கேட்பதில்லை. ராச்செஸ்டர் ஓய்வு கொடுத்த எண்களில் 26 பழைய வீரர் ஜோ ஆல்டொபெல்லிக்கு, 36 இன்னொரு பழைய வீரர் லூக் ஈஸ்டருக்கு. சில்வரின் எண் 8222.