மவுத்வாஷ் போட்டா எல்லாம் போயிடுமாம்!

"வாய் நாறுதா? மவுத்வாஷ் போடு." எவன்கிட்ட கேட்டாலும் இதே ஒத்தை வரி. கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் மிச்சம்.

மூடியில ஊத்தி, வாய் எரிய எரிய 30 செகண்ட் கொப்பளிச்சு, கண்ணுல தண்ணி வரத் துப்பறோம். கொஞ்ச நேரம் புதினா வாசம். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி! நாத்தம் கிளம்புறது பெரும்பாலும் நாக்கோட பின்பக்கத்துல இருந்து. அங்க படிஞ்ச படலத்துக்கு அடியில, காத்து புகாத இடத்துல, பாக்டீரியா குடித்தனம் நடத்துது. உதிர்ந்த செல்லையும் உணவுத் துணுக்கையும் அது சிதைக்கிறப்பதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்காப்டன்னு கந்தக வாயு கிளம்புது. படலத்தை வழிக்காம மேல மருந்தை ஊத்துறது, எச்சில் தட்டைக் கழுவாம பன்னீர் தெளிக்கிற கதை.

சரி, நாக்கு வழிக்கிறாங்களான்னு பார்த்தா, அந்தக் கொடுமை தனி. நுனியில பேருக்கு ரெண்டு இழுப்பு! அங்க என்னய்யா இருக்கு? பின்னாடி போனா ஓங்கரிக்கும், தெரியும். நாக்கை நல்லா நீட்டி, மூச்சை மெல்ல வெளிய விட்டுக்கிட்டே முன்னால இழுங்க, அவ்வளவா குமட்டாது. டங் கிளீனர்ல மஞ்சளா கொழகொழன்னு ஒட்டிக்கிட்டு வருது பாருங்க, இவ்வளவு நாள் அதை வச்சுக்கிட்டுதான் பக்கத்துல வந்து பேசியிருக்கோம். (ரத்தம் வரச் சுரண்டுற வீரர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்: மெதுவா!)

லிஸ்டரின்னு ஒரு மவுத்வாஷ் இருக்கே, அது 1879-ல அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியா வந்த சரக்கு. வாய் நாறினா கல்யாணமே ஆகாதுன்னு 1920-கள்ல விளம்பரம் போட்டுப் பயமுறுத்தித்தான் அதை வீட்டுக்குள்ள கொண்டுவந்தாங்க. நாம இன்னும் அந்தப் பயத்துலயே பாட்டில் வாங்கிட்டிருக்கோம்.

மவுத்வாஷே வேண்டாம்னு சொல்லல. துத்தநாகம் இருக்கிறது அந்தக் கந்தக வாயுவைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். ஆனா ஆல்கஹால் கலந்தது சிலருக்கு வாயை உலர்த்திடும். எச்சில் வத்தினா நாத்தம் கூடத்தான் செய்யும். தூங்கி எழுந்ததும் வாய் நாறுறதே அதனாலதான். இன்னும் சிலர் டாக்டர் கொஞ்ச நாளைக்குன்னு எழுதிக் கொடுத்த குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமிநாசினி மவுத்வாஷை மாசக்கணக்கா ஓட்டுறாங்க. பல்லு பழுப்பேறி, நாக்குல ருசி மாறினப்புறம் "டூத்பேஸ்ட் சரியில்ல"ன்னு பழியைத் தூக்கி அது மேல போடுறது!

இதுல உச்சம், ஈறுல ரத்தம் கசியுது, பல்லு ஆடுது, ஆனாலும் பாட்டில் மேல பாட்டிலா காலி பண்றாங்க பாருங்க, அவங்கதான். ஈறு நோயைக் கொப்பளிச்சுத் துப்ப முடியாதுங்க. பல் டாக்டர்கிட்ட போங்கன்னா மட்டும், "நேரமே இல்லப்பா!"