மூன்றே இடம் பார்த்தோம்

பள்ளி விடுமுறைக்கு அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு பினாங்கு போய் வந்தேன். கோலாலம்பூரிலிருந்து ரயில், பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி. இரண்டு நாளில் மூன்றே இடம் பார்த்தோம். "அவ்வளவு தூரம் போய் மூணு இடம்தானா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், மூன்றுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சுற்றுலா வேனில் இதே பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகருக்குப் போயிருந்தேன். ஒரு நாளில் ஒன்பது இடம். இறங்கு, படம் பிடி, ஏறு. வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டினால் எந்தத் தூண் எந்தக் கட்டடத்துடையது என்றே தெரியவில்லை. அருங்காட்சியகம் என்றால் பிள்ளைகளுக்குப் போரடிக்கும் என்கிறோம். எல்லா அறைக்கும் இழுத்துப் போய், எல்லாப் பலகையையும் படிக்கச் சொன்னால் யாருக்குத்தான் போரடிக்காது? பிள்ளை தானாக எதன் முன் நிற்கிறதோ, அங்கே நாமும் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

கார்ன்வாலிஸ் கோட்டையில் அவள் நின்றது செரி ரம்பாய் பீரங்கியின் முன்னால். 1603-ல் வார்த்த டச்சு வெண்கலப் பீரங்கி. டச்சுக்காரர்கள் ஜொகூர் சுல்தானுக்குக் கொடுத்தது. அங்கிருந்து சுமத்ராவின் அச்சே படை தூக்கிக்கொண்டு போனது. பிறகு சிலாங்கூர் வந்தது. 1871-ல் கோலசிலாங்கூரைத் தாக்கிய ஆங்கிலேயர் கையில் சிக்கிப் பினாங்கு வந்து சேர்ந்தது. பிள்ளை வரம் வேண்டி இதன் வாயில் பூ வைப்பது இங்கே பழைய வழக்கம். அதைச் சொன்னதும் அவள் குனிந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். "சண்டை போடுறதுக்கிட்டப் போயி பாப்பா கேப்பாங்களா அத்தை?" என்றாள். கேட்டிருக்கிறார்களே! எத்தனை பெண்கள் எவ்வளவு ஏக்கத்தோடு அந்தப் படியேறி வந்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்தக் கோட்டை ஒரு போரையும் பார்த்ததில்லை. 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியதும் நிபோங் என்ற பனைவகை மரத்தை நட்டு வேலி மாதிரி எழுப்பியது. பிறகுதான் செங்கல் சுவர் வந்தது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். அதைச் சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தேன். வெயிலில் சுட்டது. காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரிந்தது, ஓரம் தேய்ந்து, விரல் வைத்தால் பொடி ஒட்டுகிற மாதிரி. ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டே நடந்தாள். முக்கால் மணி நேரம் அந்தச் சுவரோரத்திலேயே போனது. நம் ஜனங்கள் கோட்டைக்கு வந்தால் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தச் சுவரையும் ஒரு தரம் தொட்டுப் பாருங்கள்.

சூலியா தெருவில் நாகூர் தர்காவை எட்டிப் பார்த்தோம். நம்மூர் நாகூர் ஆண்டவருக்குக் கடல் தாண்டி வந்தவர்கள் எழுப்பிய நினைவிடம். அதற்குள் அவளுக்குப் பசி. பக்கத்திலேயே நாசி கண்டார், சோறும் குழம்பும்.

மறுநாள் கூ கொங்சி, கூ குலத்துச் சீனர்களின் குலக்கோயில். இதற்கு முன் இங்கே கட்டிய மாளிகை எரிந்துபோனது. சீனப் பேரரசர் அரண்மனைக்குப் போட்டியாகக் கட்டியதால் தெய்வம் பொறுக்கவில்லை என்று ஊரில் பேச்சு. 1906-ல் சற்று அடக்கமாக மறுபடி கட்டினார்கள். அடக்கம் என்றாலும் கூரையெல்லாம் சிற்பம். அவளோ கூரையைப் பார்க்கவே இல்லை, எதிரே இருந்த கூத்து மேடைக்கு ஓடிவிட்டாள். மேடை சன்னதியை நோக்கி இருக்கிறது, ஆட்டம் முதலில் சாமிக்குத்தான். நம் திருவிழாக் கூத்தும் அப்படித்தானே என்று, சின்ன வயதில் தோட்டத்துக் கோயிலில் விடிய விடியப் பார்த்த காத்தவராயன் கூத்தை அங்கேயே உட்கார்ந்து அவளுக்குச் சொன்னேன். ஆரியமாலா கதை முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

ஃபெரிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. "வேற எங்க போகணும்?" என்று கேட்டேன். பெரணக்கான் மாளிகையைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"அந்தச் சுவருகிட்டயே போலாம் அத்தை" என்றாள். போனோம்.